கிளை நூலகத்துல வாக்காளர் மேஜை போடறது எப்படி? வாசகர் வட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

2019 ஏப்ரல் 18, ஓட்டு போடற நாள். எங்க அம்மா காலைல ஏழு மணிக்கே நல்ல புடவை கட்டி, வாக்காளர் அட்டையை கைக்குட்டையில சுத்தி எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க, அரை மணி நேரத்துல திரும்பி வந்துட்டாங்க. பட்டியல்ல பேரு இல்லையாம். நாங்க ரெண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தோம், அவ்ளோதான். பழைய வீட்டுக்கு யாரோ சரிபார்க்க வந்து, பூட்டியிருக்கறத பாத்து, இடம் மாறிட்டாங்கன்னு எழுதிட்டு போயிருக்காங்க. முப்பது வருஷமா ஒரு தேர்தல் விடாம ஓட்டு போட்டவங்க, அந்த அட்டையை எடுத்து பீரோல திரும்ப வெச்சு பூட்டினாங்க, ஒரு வார்த்தை பேசல.

எங்க அம்மா தினமும் காலைல அயனாவரம் பக்கம் இருக்கற கிளை நூலகத்துக்கு போய் பேப்பர் படிக்கறவங்க. பேப்பர் மேஜை மேல ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தா போதும், "பட்டியல்ல உங்க பேரு இருக்கான்னு பாத்தீங்களா?"ன்னு, அவங்க மூணு மாசம் முன்னாடியே பாத்திருப்பாங்க. இந்த நினைப்பு என்னை விடவே இல்ல. அப்புறம்தான் எங்க வாசகர் வட்டத்துல பேசி, பட்டியல்ல பேரு இருக்கான்னு பாத்து சொல்ல நூலகத்துலயே ஒரு மேஜை போட ஆரம்பிச்சோம். அதுல கத்துக்கிட்டதெல்லாம் இங்க எழுதறேன், உங்க ஏரியா நூலகத்துலயும் செய்யணும்னு ஆசை.

சென்னைக்காரங்களுக்கு அக்கறையே இல்லன்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் திட்டு விழும். 2024 நாடாளுமன்ற தேர்தல்ல மத்திய சென்னையிலயும் தென் சென்னையிலயும் 54 சதவீதத்தை ஒட்டித்தான் ஓட்டு விழுந்துச்சு, தமிழ்நாடு மொத்தமா பாத்தா கிட்டத்தட்ட 70. 2022 மாநகராட்சி தேர்தல்ல சென்னையில பாதிப் பேர் கூட வரல. ஆனா மேஜையில உக்காந்து பாத்தவங்கறதால சொல்றேன், அக்கறை இல்லாம வீட்ல படுத்துக்கறவங்களை விட படிவம், ஆதாரம்னு சிக்கி நின்னு போனவங்கதான் என் கண்ணுல அதிகம் பட்டாங்க. வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கற ஊர் இது. வீடு மாறும்போது கேஸ் கனெக்‌ஷன் மாத்துவோம், பசங்க ஸ்கூல் மாத்துவோம், ஓட்டை மட்டும் பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்துடுவோம்.

சரி, இதுக்கு எதுக்கு நூலகம்? ஏன்னா ஒரு ஏரியாவுல எந்த ஆதாரமும் காட்டாம, எதையும் வாங்காம, யாருக்கும் பதில் சொல்லாம ரெண்டு மணி நேரம் உக்காரக்கூடிய அரசு இடம் அது ஒண்ணுதான். அதுவும் நம்ம காசுல நடக்கற இடம். 1948-ல சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்துச்சு, சுதந்திர இந்தியாவுல முதல்ல அப்படி சட்டம் போட்டது நாமதான், அதுக்கு பின்னாடி நின்னவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்த சட்டத்தாலதான் நாம கட்டற சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரியா போகுது. ரசீதை எடுத்து பாருங்க, தனியா போட்டிருக்கும். மேஜை போட்ட முதல் நாள் நாங்க சுவத்துல ஒட்டினது அந்த ரசீதோட ஜெராக்ஸ்தான், பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு. நிறைய பேர் நின்னு படிச்சாங்க, "இது நம்ம காசா"ன்னு ஒரு ஐயா ரெண்டு தடவை கேட்டார்.

1. முதல்ல அனுமதி

ஆர்வத்துல நேரா மேஜையை தூக்கி போட்றாதீங்க. நூலகர் ஒரு அரசு ஊழியர், நாளைக்கு யாராவது "நூலகத்துல கட்சி வேலை நடக்குது"ன்னு ஒரு புகார் போட்டா அவங்களுக்குத்தான் விளக்கம் கேட்டு கடிதம் வரும். அதனால வாசகர் வட்டம் கூடி ஒரு தீர்மானம் எழுதுங்க, நூலகர் மூலமா மாவட்ட நூலக அலுவலருக்கு கடிதம் கொடுங்க. எங்க கடிதத்துல பொருள்னு போட்டு, "வாசகர்கள் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள உதவும் மேஜை அமைக்க அனுமதி வேண்டுதல்"னு எழுதினோம், கீழ நாலே வரி. எந்த நாள், எத்தனை மணி, யார் யார் உக்காருவாங்க, கட்சி சார்பு எதுவும் இருக்காதுங்கற உறுதி. பணம் கேக்காதீங்க, ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட் போதும்.

அதே நேரம் மாநகராட்சி மண்டல அலுவலகத்துல இருக்கற தேர்தல் பிரிவுக்கும் ஒரு கடிதம் போகட்டும். சென்னையில மாவட்ட தேர்தல் அலுவலரே மாநகராட்சி ஆணையர்தான், அதனால மத்த மாவட்டம் மாதிரி கலெக்டர் ஆபீசுக்கு ஓட வேண்டாம், மண்டலத்துலயே வேலை முடிஞ்சிடும். தேர்தல் ஆணையத்துக்கே வாக்காளர் விழிப்புணர்வுக்குன்னு 'ஸ்வீப்'னு ஒரு திட்டம் இருக்கு, அந்த பேரை சொல்லி கேளுங்க, போஸ்டர் கிடைக்கும், மாதிரி மெஷின் வெச்சு காட்டவும் சில சமயம் ஆள் அனுப்புவாங்க.

கட்சி விஷயத்துல கறாரா இருங்க. கட்சியில பொறுப்புல இருக்கறவங்க வாசகரா வரட்டும், படிக்கட்டும், ஆனா மேஜைக்கு பின்னாடி உக்காரக்கூடாது. கரை வேட்டி, தலைவர் படம் போட்ட காலண்டர், சின்னம் போட்ட பேனா எதுவும் மேஜையில வேண்டாம். வர்றவங்க கிட்ட யாருக்கு போடறீங்கன்னு விளையாட்டுக்கு கூட கேக்காதீங்க. தேர்தல் தேதி அறிவிச்சு நடத்தை விதி வந்துடுச்சுன்னா, ஏற்கெனவே அனுமதி இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டுக்கோங்க.

2. சுவத்துல ஒரு தெரு சார்ட்

இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஆகும், ஆனா அவ்ளோ உழைப்புக்கும் பலன் உண்டு. சென்னை மாவட்டத்துல 16 சட்டமன்ற தொகுதி, 3 நாடாளுமன்ற தொகுதி, மாநகராட்சியில பல மண்டலம், 200 வார்டு. இதுல நாம எதுல இருக்கோம்னு முக்கால்வாசி பேருக்கு தெரியாது, ஏன்னா இந்த எல்லைகள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. எங்க கிளைக்கு வர்றவங்கள்ல வில்லிவாக்கம் தொகுதி, கொளத்தூர் தொகுதி, திரு.வி.க.நகர் தொகுதி எல்லாரும் இருக்காங்க, வில்லிவாக்கம்னா எம்.பி. மத்திய சென்னை, கொளத்தூர்னா வட சென்னை. ரெண்டு பேர் பக்கத்து பக்கத்து நாற்காலில உக்காந்து ஒரே பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாங்க, எம்.பி. வேற வேற.

சார்ட்ல இடது பக்கம் தெரு பேரு, பக்கத்துல வார்டு, மண்டலம், சட்டமன்றம், நாடாளுமன்றம், வழக்கமா பூத் இருக்கற பள்ளிக்கூடம். கையால எழுதினாலே போதும், பெரிய எழுத்தா, கண்ணாடி போடாம படிக்கற மாதிரி. தெரு பேரை ஊர் கூப்பிடற மாதிரியும் எழுதுங்க, பட்டியல்ல இருக்கற மாதிரியும் எழுதுங்க, ரெண்டும் பல நேரம் வேற வேறயா இருக்கும்.

3. பேரு தேடற மேஜை

இதுதான் மொத்த வேலையோட உயிர். மத்ததெல்லாம் முடியலன்னா இதை மட்டுமாவது பண்ணுங்க.

முதல்ல மனசுல பதிய வெக்க வேண்டியது ஒண்ணு. அட்டை இருந்தா ஓட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல. பட்டியல்ல பேரு இருந்தா அட்டை இல்லாட்டியும் வேற அடையாளம் காட்டி ஓட்டு போடலாம், பட்டியல்ல பேரு இல்லன்னா கையில அட்டை இருந்தும் போட முடியாது. எங்க அம்மாவுக்கு நடந்தது இதுதான். இந்த ரெண்டு வரியை பெருசா எழுதி மேஜைக்கு முன்னாடி தொங்க விடுங்க.

தேவையானது நெட் இருக்கற ஒரு லேப்டாப், இல்லன்னா ரெண்டு போன். தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் போர்ட்டல்ல மூணு விதமா தேடலாம்: அட்டை நம்பரை வெச்சு, பேரு விவரம் வெச்சு, பதிவு பண்ண மொபைல் நம்பரை வெச்சு. நம்பர் வெச்சு தேடறது சுலபம், ஒரு நிமிஷ வேலை. சிக்கல் பழைய அட்டையிலதான்.

ஒரு நாள் ஒரு பாட்டி வந்தாங்க, லேமினேஷன் மஞ்சளா மாறி ஓரம் பிரிஞ்சு போன அட்டை, நம்பர் டி.என்.னு ஆரம்பிச்சு நடுவுல சாய்வு கோடு கோடா போட்டு நீளமா இருந்துச்சு. இப்ப இருக்கற நம்பர் மூணு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். பழைய நம்பரை அடிச்சா ஒண்ணும் வரல. பேரு வெச்சு தேடினோம், வரல. எழுத்தை மாத்தி மாத்தி போட்டோம், லட்சுமின்னு போட்டோம், லக்ஷ்மின்னு போட்டோம், லெட்சுமின்னு போட்டோம். மூணாவதுல வந்துச்சு, ஆனா வயசு பத்து வருஷம் கம்மி. வீட்டுக்காரர் பேரை கேட்டோம், பாட்டி புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டேன்னுட்டாங்க, பேத்தியைக் கூப்பிட்டு சொல்ல வெச்சாங்க. பேரு பொருந்துச்சு. பாகம் எண் (ஒரு பூத்துக்கான பட்டியலைத்தான் பாகம்னு சொல்வாங்க), வரிசை எண் எழுதி கொடுத்ததும் அந்த துண்டு சீட்டை நாலா மடிச்சு சுருக்குப் பையில வெச்சுக்கிட்டாங்க. "அப்போ நான் இருக்கேன்ல தம்பி?"ன்னு கேட்டாங்க. இருக்கீங்க பாட்டின்னு சொன்னேன். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த மேஜையை எத்தனை வருஷம் வேணா போடலாம்.

தேடும்போது இதெல்லாம் முயற்சி பண்ணுங்க. இனிஷியல் இல்லாம தேடுங்க, இனிஷியலை விரிச்சு தேடுங்க, தமிழ்லயும் தேடுங்க ஆங்கிலத்துலயும் தேடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த அப்பா பேரை போட்டு தேடுங்க, பழைய வீட்டு தொகுதியை போட்டு தேடுங்க. எதுலயும் வரலன்னா பாகம் வாரியா பட்டியலை இறக்கி தெருவைப் பிடிச்சு பக்கம் பக்கமா கண்ணால பாக்கணும், அந்த ஃபைல்ல சொல்லை போட்டு தேட முடியாது, அதனால பொறுமை வேணும். இதுக்கு போட்டித் தேர்வுக்கு படிக்கற பசங்களை உக்கார வெச்சோம், அவங்களுக்கு கண்ணு கூர்மை. 2025 கடைசியில தீவிர திருத்தம்னு வீடு வீடா கணக்கெடுப்பு படிவம் வந்தப்ப, இருபது வருஷம் முந்தின பட்டியல்ல தன் பேரோ அப்பா அம்மா பேரோ எங்க இருக்குன்னு தேட வேண்டி வந்துச்சே, அப்ப இந்த பழக்கம்தான் கை கொடுத்துச்சு. போன தடவை இருந்துச்சே, இந்த தடவையும் இருக்கும்னு யாரையும் விடாதீங்க, ஒவ்வொரு திருத்தத்துக்கு அப்புறமும் திரும்ப பாக்க சொல்லுங்க.

கிடைச்சதும் கால் தாள்ல தொகுதி, பாகம் எண், வரிசை எண், பூத் எழுதி கொடுங்க. நீங்க எதையும் சேமிச்சு வெக்காதீங்க. ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைல் போடறது, போன்ல போட்டோ எடுத்து வெக்கறது எதுவுமே வேண்டாம். ஓ.டி.பி. வந்தா அவங்க போன்ல அவங்களே பாத்து அவங்களே அடிக்கட்டும். ஜனங்க நம்மளை நம்பி வர்றாங்க, அந்த நம்பிக்கை ஒரு தடவை போச்சுன்னா நூலகத்து மேலயும் போயிடும்.

எங்க நூலகர் அக்கா ஒரு யோசனை சொன்னாங்க, அது ரொம்ப நல்லா வேலை செஞ்சுச்சு. புத்தகத்துக்கு பின்னாடி திருப்பித் தர வேண்டிய தேதி குத்தற சீட்டு இருக்குல்ல, அந்த சீட்டுல சின்னதா ஒரு ரப்பர் ஸ்டாம்ப், "பட்டியலில் பெயர் பார்த்தீர்களா? உதவிக்கு 1950". புத்தகம் வீட்டுக்கு போகுது, நூலகத்துக்கே வராத வீட்டு ஆளுங்களும் அதைப் பாக்கறாங்க.

4. படிவம் நிரப்பறது

நாலு நம்பர் தெரிஞ்சா போதும். புதுசா பேரு சேக்க படிவம் 6. வீடு மாறினது, பேரு வயசு போட்டோ திருத்தறது, தொலைஞ்ச அட்டைக்கு வேற அட்டை வாங்கறது, மாற்றுத்திறனாளின்னு குறிக்கறது எல்லாத்துக்கும் படிவம் 8. இறந்தவங்க பேரை நீக்கவும் ஆட்சேபணை சொல்லவும் 7. வெளிநாட்டுல இருக்கற இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு 6ஏ. முன்னாடி ஒரே தொகுதிக்குள்ள வீடு மாற தனியா 8ஏன்னு ஒண்ணு இருந்துச்சு, 2022 ஆகஸ்ட்ல இருந்து எல்லாம் 8-லயே அடங்கிடுச்சு. இன்னமும் சில ஜெராக்ஸ் கடையில பழைய படிவத்தை விக்கறாங்க, அதுல எழுதி கொடுத்தா திரும்பி வந்துடும், பாத்துக்கோங்க.

வீடு மாறினவங்க நிறைய பேர் படிவம் 6 போட்டு புதுசா பேரு சேத்துடறாங்க. அது தப்பு. ஒருத்தர் பேரு ரெண்டு இடத்துல இருக்கக்கூடாது, பொய்யா உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் தண்டனைக்கு சட்டத்துல இடம் இருக்கு. ஏற்கெனவே எங்கயாவது பேரு இருந்தா 8-தான், அது பழைய இடத்துல இருந்து எடுத்து புது இடத்துல போட்டுடும்.

படிவம் 6-க்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வயசுக்கு ஒரு ஆதாரம் (பத்தாவது மார்க்‌ஷீட், பிறப்பு சான்றிதழ், ஆதார் இதுல ஏதாவது), முகவரிக்கு ஒரு ஆதாரம். ஈ.பி. பில், கேஸ் பில், பாஸ்புக், பதிவு பண்ண வாடகை ஒப்பந்தம் இப்படி. தன் பேர்ல இல்லன்னா அப்பா அம்மா, கணவன் மனைவி பேர்ல இருக்கறது கூட செல்லும். வாடகைக்காரங்க மாட்டற இடம் இதுதான், சில ஓனருங்க ஒப்பந்தம் பதிவு பண்ண மாட்டாங்க, ஈ.பி. பில் ஓனர் பேர்ல இருக்கும். அப்போ பேங்க் பாஸ்புக்ல முகவரியை முதல்ல மாத்திக்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புவோம், ஒரு வாரம் கழிச்சு வருவாங்க. வீட்டுல ஏற்கெனவே ஓட்டு இருக்கற ஒருத்தரோட அட்டை நம்பரையும் எழுதி கொடுத்தா சரிபார்க்கறது சுலபம்.

பேரை தமிழ்ல எழுதும்போது அவங்களையே எழுத சொல்லுங்க. ஆன்லைன்ல ஆங்கிலத்துல அடிச்சா தமிழ் தானா வரும், அது பாதி நேரம் தப்பா வரும், ஒற்று போயிடும், ழகரம் லகரமாயிடும். அங்க திருத்தாம விட்டா அடுத்த இருபது வருஷத்துக்கு அதே தப்பு அட்டையில ஓடும்.

அனுப்பினதும் ஒரு குறிப்பு எண் வரும். அதை ஒரு துண்டு சீட்டுல எழுதி கையில கொடுத்துடுங்க. அப்புறம் வாக்குச்சாவடி நிலை அலுவலர், நாம பி.எல்.ஓ.ன்னு சொல்றோமே, அவங்க வீட்டுக்கு வந்து பாப்பாங்க. ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடுன்னா வந்தப்ப பூட்டியிருக்கும், விஷயம் அங்கயே நின்னுடும். அதனால உங்க பாகத்து பி.எல்.ஓ. யாருன்னு போர்ட்டல்லயே பாத்து, இந்த தேதியில இந்த நேரம் வீட்ல இருப்போம்னு முன்கூட்டியே போன் பண்ணிடுங்கன்னு சொல்லுங்க. பி.எல்.ஓ.க்கள்ல நிறைய பேர் அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், சொந்த வேலைக்கு நடுவுல வெயில்ல நடக்கறவங்க, மரியாதையா பேச சொல்லுங்க. பேரு சேந்ததும் அட்டை தபால்ல வரும், 2021-ல இருந்து டிஜிட்டல் அட்டையா போன்லயும் இறக்கிக்கலாம்.

காலக்கெடு இது. வேட்புமனு தாக்கலுக்கு கடைசி நாள் முடிஞ்சா அந்த தேர்தலுக்கு பட்டியல் மூடிடும், அதுக்கு முன்னாடி ஆட்சேபணைக்கு 7 நாள் விடணும். அதனால கடைசி நாளுக்கு பத்து நாள் முன்னாடியே படிவம் போயிருக்கணும். தேதி அறிவிச்ச பிறகு மேஜை போட ஆரம்பிச்சா பாதி பேருக்கு லேட்டாயிடும், இதை ஒரு தடவை அனுபவிச்சுட்டுத்தான் வருஷம் பூரா மாசத்துக்கு ஒரு ஞாயிறுன்னு மாத்திக்கிட்டோம்.

5. யாரெல்லாம் விட்டுப் போறாங்க

நூலகத்துக்குள்ள இருந்தே ஆரம்பிங்க. டி.என்.பி.எஸ்.சி.க்கு படிக்கற தம்பி தங்கச்சிங்க காலைல கதவு திறக்கறப்பவே வந்து உக்காருவாங்க. 61-வது திருத்தம் வாக்குரிமை வயசை 21-ல இருந்து 18 ஆக்குச்சு, 1989-ல நடைமுறைக்கு வந்துச்சுன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வாங்க. அவங்க கிட்டயே உங்க பேரு எந்த பட்டியல்ல இருக்குன்னு கேட்டேன், நிறைய பேருக்கு ஊர்ல, பஸ் டிக்கெட் இல்லாம போன தேர்தலுக்கு போகவே இல்ல. மேன்ஷன்லயோ ஹாஸ்டல்லயோ தங்கி படிக்கறவங்க அந்த முகவரியிலயே பேரு மாத்திக்கலாம், இல்ல ஊர்லயே வெச்சுக்கலாம், ஏதாவது ஒண்ணு. எது சரின்னு நாம சொல்ல வேண்டாம், ரெண்டு வழியும் இருக்குன்னு மட்டும் சொன்னா போதும்.

17 வயசு பசங்க இப்பவே விண்ணப்பிக்கலாம்னு பெத்தவங்களுக்கே தெரியல. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, இந்த நாலு தேதியில எது வரும்போது 18 நிரம்பியிருக்கோ அப்ப சேத்துப்பாங்க. முன்னாடி ஜனவரி 1 மட்டும்தான் இருந்துச்சு, ஜனவரி 2-ல பிறந்தவங்க ஒரு வருஷம் காத்திருக்கணும். ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம், 2011-ல இருந்து கொண்டாடறாங்க, அன்னிக்கு பக்கத்து ஸ்கூல் பிளஸ் டூ பசங்களை நூலகத்துக்கு கூப்பிடுங்க. பேச்சு போட்டி வெக்கறதை விட ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு படிவம் 6 நிரப்ப வெக்கறது நல்லது. எங்க மேஜையில ஒரு பொண்ணு உறுதிமொழிக்கு கீழ கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தனி தாள்ல நாலு தடவை போட்டு பாத்துச்சு, வாழ்க்கையில முதல் தடவையா ஒரு அரசாங்க தாள்ல கையெழுத்து போடுது.

தெருவோரம் தூங்கறவங்களுக்கு முகவரி ஆதாரம் கேக்கக்கூடாது. அவங்க எங்க படுக்கறதா சொல்றாங்களோ அந்த இடத்துக்கு பி.எல்.ஓ. ராத்திரியில ஒரு தடவைக்கு மேல போய் பாத்து உறுதி பண்ணணும்ங்கறது ஆணையத்தோட வழிமுறை. இது தெரியாம "ஆதாரம் இல்லன்னா முடியாது"ன்னு திருப்பி அனுப்பிடறாங்க, நாம கூட இருந்து இந்த விதியை எடுத்து சொன்னா நடக்கும். திருநங்கைகளுக்கு படிவத்துல மூன்றாம் பாலினம்னு தனி கட்டம் இருக்கு. பார்வையில்லாத வாசகர்களுக்கு, ஓட்டு மெஷின்ல பொத்தானுக்கு பக்கத்துலயே பிரெய்ல் எண் இருக்குன்னு சொல்லுங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் எழும்பூர் கன்னிமாராவுலயும் பிரெய்ல் பிரிவு இருக்கு, இந்த மாதிரி மேஜை அங்க கட்டாயம் வேணும்.

6. வேட்பாளர் பத்தி சேர்ந்து படிக்கறது

நூலகத்தால மட்டும் செய்ய முடிஞ்ச வேலை இது. ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-ல ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கணும். சொத்து, கடன், அஞ்சு வருஷ வருமான வரி கணக்கு, கிரிமினல் வழக்கு, படிப்பு எல்லாம் அதுல இருக்கும். ஆணையத்தோட தளத்துல யார் வேணா பாக்கலாம், ஆனா பல பக்கம், சட்டத் தமிழ், தனியா உக்காந்து யார் படிக்கறது? வழக்கு இருக்கற வேட்பாளர் அதை மூணு தடவை பேப்பர்லயும் டிவியிலயும் விளம்பரமா போடணும், அதுவும் விதி. அந்த விளம்பரம் பொடி எழுத்துல ஒரு ஓரத்துல வரும், யாரும் கவனிக்க மாட்டாங்க. நம்ம கிட்டதான் எல்லா பேப்பரும் இருக்கே! தேதி போட்டு வெட்டி ஒரு ஃபைல்ல ஒட்டுங்க.

அனுமதி கிடைச்சா வாசிப்பு கூட்டம் ஒண்ணு வைங்க. தொகுதியில நிக்கற எல்லா வேட்பாளரோட பத்திரத்தையும், மெஷின்ல பேரு வர்ற அதே வரிசையில, ஆளுக்கு ஒரே அளவு நேரம், இருக்கறதை அப்படியே நாமளே வாசிக்கணும், கருத்து சொல்லக்கூடாது. சுயேச்சையை விட்டுடாதீங்க. சந்தேகம் கேட்டா "அசையாச் சொத்துன்னா என்ன, சார்ந்திருப்போர்னா யாரு"ங்கற அளவுக்கு மட்டும் பதில். வாசிச்சு முடிச்சதும் ஹால்ல ஒரு அமைதி வரும், அவங்கவங்க மனசுல கணக்கு போடறாங்கன்னு எனக்கு தோணும்.

இங்க இருந்து 90 கிலோமீட்டர் கூட இல்ல உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, குடவோலை முறை. அதுல வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவனும் அவன் நெருங்கின சொந்தக்காரனும் ஓலைக்கே தகுதி இல்லன்னு வெட்டி வெச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வரியோட படத்தை வாசிப்பு கூட்டத்து அன்னிக்கு வாசல்ல வெச்சோம்.

7. ஓட்டு நாளுக்கு முன்னாடி வாரம்

இந்த வாரம் ஒரே ஒரு தாள் ஒட்டினா போதும். அட்டை இல்லன்னா ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பாஸ்புக் இதுல ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு போகலாம். வீட்டுக்கு வர்ற பூத் சிலிப் மட்டும் அடையாளம் ஆகாது. செல்போன் உள்ள விட மாட்டாங்க. பொத்தான் அழுத்தினதும் பக்கத்து பெட்டியில யாருக்கு போட்டீங்கன்னு காட்டற சீட்டு 7 நொடி தெரியும், நின்னு பாருங்க. உங்க ஓட்டை வேற யாராவது போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா திரும்பி வந்துடாதீங்க, 49P விதின்னு சொல்லி கேட்டா வாக்குச்சீட்டுல போட விடுவாங்க. முடியற நேரத்துக்குள்ள வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் டோக்கன் கொடுத்து போட விடணும். அன்னிக்கு சம்பளத்தோட லீவு சட்டப்படி உண்டு, கடையில வேலை செய்யற அக்காவுக்கும் தம்பிக்கும் இதை சொல்லுங்க. 85 வயசு தாண்டினவங்களும் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்கறவங்களும் வீட்டுலயே போட 12டி படிவம் இருக்கு, ஆனா அது தேர்தல் அறிவிப்பாணை வந்து அஞ்சு நாளுக்குள்ள போகணும், அதனால இதை மட்டும் முன்னாடியே கேட்டு முடிச்சுடுங்க.

8. ஓட்டு முடிஞ்ச மறுநாள்

இங்கதான் எல்லாரும் மேஜையை மடிச்சு வெச்சுடறாங்க. எங்களுக்கு இதுக்கு அப்புறம்தான் நிறைய வேலை இருந்துச்சு. தேர்தல்ல கேட்ட விஷயம் எல்லாம், குப்பை, தண்ணி, தெரு விளக்கு, அடுத்த நாளும் அப்படியேதான் இருக்கும்.

எங்க நூலகத்துக்கு வெளில இருந்த விளக்கு எரியாம பெண்கள் சாயங்காலம் வர்றதையே நிறுத்திட்டாங்க. ஒரு நீள நோட்டு வாங்கினோம். தேதி, பிரச்சினை, எங்க சொன்னோம், புகார் எண், என்ன பதில்னு அஞ்சு கட்டம். மாநகராட்சி 1913-க்கு போன் பண்ணி எண் வாங்கி எழுதினோம், எரியல. மறுபடி போன், மறுபடி எண். மூணாவது தடவை மூணு எண்ணையும் ஒரே மனுவுல எழுதி வார்டு கவுன்சிலர் கிட்டயும் மண்டல அலுவலகத்துலயும் கொடுத்து, ரெண்டு இடத்துலயும் நகல்ல கையெழுத்தும் சீலும் வாங்கினோம். விளக்கு எரிஞ்சுது. அதுக்கப்புறம் நோட்டுல எழுத ஆள் தானா வந்தாங்க.

மனு எழுத மாசத்துக்கு ஒரு நாள் வகுப்பு வைங்க. அனுப்புநர், பெறுநர், பொருள், ஒரு மனுவுல ஒரு கோரிக்கை, அதுவும் அரை பக்கத்துக்குள்ள. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டணம், 30 நாளுக்குள்ள பதில், "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, "இந்த தெருவுக்கு இந்த வருஷம் எவ்ளோ ஒதுக்கீடு, யாருக்கு ஒப்பந்தம், நகல் தரவும்"னு கேளுங்க, அதுக்குத்தான் பதில் வரும். வர்ற பதிலை நூலகத்துலயே ஃபைல் போடுங்க, அடுத்து வர்றவங்க அதே கேள்விக்கு திரும்ப அலைய வேண்டாம்.

2022-ல இருந்து மாநகராட்சிகள்லயும் வார்டு குழு, பகுதி சபைன்னு விதி இருக்கு, கிராம சபை மாதிரி. நம்ம பகுதி சபை எப்ப எங்க கூடுதுன்னு கவுன்சிலர் ஆபீஸ்ல கேட்டு பேப்பர் மேஜை மேல எழுதிப் போடுங்க, கூடலன்னா ஏன் கூடலன்னு அதையும் ஒரு மனுவா போடுங்க. போகும்போது அந்த நோட்டை எடுத்துட்டு போங்க, வாயால சொல்றதை விட தேதியும் புகார் எண்ணும் வாசிச்சா அதிகாரி பேனாவை எடுப்பார்.

நோட்டை அலமாரியில வெச்சு பூட்டாதீங்க. துளை போட்டு நூல் கட்டி பேப்பர் மேஜை காலோட சேத்து தொங்க விடுங்க, பேனாவையும் கட்டிடுங்க. எங்க நோட்டுல கடைசியா இருக்கறது எங்க அம்மா கையெழுத்து, மூணாவது தெரு முனையில கால்வாய் மூடி உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க, புகார் எண் போட்டாச்சு, பதில் கட்டம் இன்னும் காலியா இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை திரும்ப போன் பண்ணணும்.